ருஷ்தா சேர்த்த கெசட்டுகள்

ருஷ்தாவுக்கு எதையும் சேர்த்து வைக்கிற பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் முத்திரை சேர்த்தார்கள், ஸ்டிக்கர் சேர்த்தார்கள். இவள் கையில் கிடைத்ததைக் கேட்டவளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். பெரியவளாகி, கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அதே கதைதான். "இவள்ட அலுமாரியத் தொறந்தா காத்துதான் வெளிய வரும்" என்று அவளுடைய உம்மா உம்மு குல்சும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவள் முப்பத்தாறு வயதில் பழைய டீவி கேம் சேர்க்க ஆரம்பித்தாள் என்றால் அது ஆசையினால் அல்ல. போவதற்கு வேறு கதவு இல்லாததினால்.

அவளுடைய நானா அஸ்ஃபர். இவளைவிட நாலு வயது மூப்பு. கட்டுகஸ்தோட்டையில் செருப்புக் கடை வைத்திருந்தவன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் ஹந்தானைப் பக்கம் ஒரு மையித்து வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு இறங்கி வரும்போது, வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. தலைக்கவசம் உடைந்ததே தவிர தலை உடையவில்லை. ஆனால் உள்ளே ஏதோ கலங்கிப் போயிற்று. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்து வீட்டுக்கு வந்த அஸ்ஃபர் வேறு ஆள். வலது கை தூங்கிவிட்டது. வாய் ஒரு பக்கமாய்த் தொங்கியது. ஊட்டினால் விழுங்குவான், திருப்பிப் படுக்க வைத்தால் படுப்பான். மாவில்மடை வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தார்கள். அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை, மனைவி அஸீமாவைப் பார்க்கவில்லை, பெற்றவளைப் பார்க்கவில்லை. சுவரில் எதுவும் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஒருநாள் காலையில் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"ஊது."

உம்மா கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "கேட்டீங்களா? ஓதி ஊதுங்க எண்டு செல்றான் என்ட புள்ள! அல்லாஹ்வே, அவன்ட வாயில மொதல் வந்த பேச்சப் பாருங்க!"

யாருக்குத்தான் வேறு எது தோன்றும்? நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதி, நெஞ்சில் மெல்ல ஊதிவிடுவது அந்த வீட்டில் காய்ச்சலுக்கும் உண்டு, கண்ணூறுக்கும் உண்டு, பரீட்சைப் பயத்துக்கும் உண்டு. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகே பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிவந்தார்கள். மெதுவான குரல் உள்ள நல்ல மனிதர். பொறுமையாய் ஓதி, அஸ்ஃபரின் உச்சியிலும் நெஞ்சிலும் ஊதினார். அஸ்ஃபர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு இடது கையால் மெத்தையில் அடித்தான்.

"ஊது! ஊது!"

ஹஸ்ரத் இன்னொரு முறை ஓதினார். அவன் இன்னும் பலமாய் அடித்தான். கடைசியில் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவனுக்கும் ஹஸ்ரத்துக்கும்.

உம்மா விடவில்லை. அக்குறணையிலிருந்து ஒருவர் வந்தார், மடவளையிலிருந்து ஒருவர் வந்தார். ஓதிய தண்ணீர்ப் போத்தல்கள் ஜன்னல் திட்டில் வரிசையாய் நின்றன. ஒவ்வொருவர் ஊதியபோதும் அவனுக்குக் கோபம் கூடியதே ஒழியக் குறையவில்லை. உம்மாவுக்கு அது விளங்கவில்லை. தன் பிள்ளை துஆ கேட்டுவிட்டு, கிடைத்த துஆவைத் தள்ளிவிடுகிறானே என்று இரவும் பகலும் தஸ்பீஹ் மணியும் கையுமாய் அழுதார்.

கிளினிக்கில் டொக்டர் அவனுடைய கண்ணுக்கு வெளிச்சம் காட்டிப் பார்த்தார். "சிலருக்கு மூளை அடிபட்டால் ஒரு சொல் மாட்டிக்கொள்ளும், மிஸ். இசைத்தட்டுக் கீறல் மாதிரி. அதுக்கு அர்த்தம் தேடாதீங்க," என்றார். பேச்சுப் பயிற்சிக்கு வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும், நோயாளி எதையாவது விளங்கிக் கேட்கிறார் என்று தெரிந்தால்தான் தொடரலாம் என்றும் சொன்னார். அடுத்த கிளினிக்கில் பார்ப்போம் என்று முடித்தார். கெட்ட மனிதர் அல்ல. அவர் அவ்வளவு அன்பாய்ச் சொன்னதுதான் ருஷ்தாவைப் பயமுறுத்தியது. நானா உள்ளே இருக்கிறானா, இல்லையா? அந்த ஒரு கேள்விக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. சொல்லுக்கு அர்த்தம் இல்லை என்றால் நானாவும் இல்லை.

சில நாட்களுக்குப் பிறகு, உம்மா மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி கட்டிலில் கிடந்தது. நீளமான, தட்டையான பெட்டி. ருஷ்தா கஞ்சியோடு உள்ளே வந்தபோது அஸ்ஃபர் அதை இடது கையில் எடுத்திருந்தான். அதன் ஓரத்தை உதட்டருகே வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்தான். பிறகு அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. காற்று தொங்கிய உதட்டின் வழியாய் ஒழுகிப் போயிற்று. பெட்டியைத் தொடையில் ரெண்டு தட்டுத் தட்டினான். பிறகு களைத்துப் போய், "ஊது," என்றான்.

ருஷ்தா கஞ்சிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தொண்ணூறுகளில் வாப்பா கொழும்பிலிருந்து ஒரு டீவி கேம் வாங்கி வந்தார். தெருவில் அதுதான் முதலாவது. விளையாட்டு அடங்கிய தட்டையான கெசட்டை மெஷினில் சொருகினால் சில நேரம் படம் வரும், சில நேரம் திரை முழுக்கக் கட்டமும் கோடுமாய்க் கிடக்கும். வராவிட்டால் கெசட்டைக் கழற்றி, அடிப்பக்கத்து வெட்டில் ஊதி, தட்டி, மறுபடி சொருக வேண்டும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் அஸ்ஃபருக்கு இழுப்பு இருந்தது. ரெண்டு முறை ஊதினால் மூச்சு வாங்கும். அதனால் அவன் கெசட்டைப் பிடித்துக்கொள்வான், தங்கச்சி ஊதுவாள். அதுதான் அவளுடைய உத்தியோகம். அதற்குக் கூலியாக, அவன் தோற்ற பிறகு மிச்சம் இருக்கும் ஓர் ஆட்டம்.

அவன் அல்லாஹ்விடம் கேட்கவில்லை. இவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். உம்மா தஸ்பீஹை நிறுத்தினார். "புள்ள, டீவி கேமா? மவுத்து வரைக்கும் போய்த் திரும்பி வந்தவனா டீவி கேம் கேக்கிற?"

"எனக்குத் தெரியும் உம்மா. அந்த டீவி கேம் எங்க?"

"அது எந்தக் காலம்! போத்தல், பழைய பேப்பர் வாங்குறவனுக்குக் குடுத்துட்டன். நீதானே கொண்டு பெய்த்துக் குடுத்த."

அடுத்த நாளே வேலை முடிந்து டவுன் முழுக்க அலைந்தாள். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில், அதே மாதிரி வெள்ளையும் சிவப்புமாய் ஒரு பெட்டி இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வீட்டில் திறந்தால் விளையாட்டெல்லாம் உள்ளேயே இருந்தது. கெசட் போடும் வாயே இல்லை; அந்த இடத்தில் வாய் மாதிரி ஒரு படம் வரைந்திருந்தார்கள். டீவியில் படம் துலக்கமாய் வந்தது. அஸ்ஃபர் சுவரைப் பார்த்தான். அவள் கைப்பிடியை அவன் கையில் திணித்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது.

"தலைக்கு வருத்தம் ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்று அஸீமா குசினியிலிருந்து கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டி வந்து இத்தனை வருடம் பிள்ளை இல்லை. இருந்த ஒரு துணையும் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவனைக் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் அவள்தான். நாத்தனார் விளையாட்டுச் சாமானோடு வந்து நின்றால் வேறு என்ன கேட்பாள்?

ருஷ்தா பேஸ்புக்கில் தேடினாள். பழைய டீவி கேம் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து கட்டிய பேச்சு. அங்கே எழுதியதைப் பாதிக்கு மேல் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமலே வாங்கினாள். கம்பளையில் ஒருவரிடம் வாங்கிய கெசட், கூடவே வாங்கிய மெஷினுக்குள் நுழையவே இல்லை. அது வேறு நாட்டு மெஷினுக்கு உரியதாம், அகலம் அதிகம். மாத்தளையிலிருந்து தபாலில் வந்த மெஷினுக்கு வீட்டில் கிடந்த ஒரு அடாப்டரைச் சொருகினாள். கருகிய வாசம் வந்தது, பிறகு எதுவுமே வரவில்லை. கப்பல் படம் ஒட்டிய கெசட்டுக்குள் கார் ஓடியது. கார் படம் ஒட்டியதற்குள் ஒன்றுமே இல்லை. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் வெறும் ஓடு, பாரத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. அவளுடைய வெற்று அலுமாரி மெல்ல நிரம்பிற்று. இதைச் சேகரிப்பு என்று யாராவது சொன்னால் அவள் அழுதிருப்பாள்.

குழுவில் ஒருவன் மட்டும் அவளுக்கு உள்பெட்டியில் எழுதினான். "அக்கா, நீங்க போடுற படத்தையெல்லாம் பாத்தா வயிறு எரியுது. யாரு என்ன குப்பைய வித்தாலும் வாங்குறீங்க. ஒருக்கா கடைக்கு வாங்க." பெயர் சுமன். ஹந்தானைத் தோட்டத்துப் பையன்தான், இப்போது மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் ஆனவன். அவனுடைய பெண்சாதி டிலானி, வீட்டில் இடமில்லை என்று அவனுடைய மெஷின்களையெல்லாம் கடைக்கே அனுப்பிவிட்டாளாம்.

"உக்காருங்க அக்கா, அந்தக் கதிரையில வேணாம், அதுல கால் ஒன்னு பொய்," என்றான். "புதுசா சேக்குறவங்க எல்லாரும் செய்யிற தப்பத்தான் நீங்களும் செய்றீங்க. எல்லாத்தையும் வாங்கக் கூடாது. ஒரே ஒரு மெஷின். அதுக்கு நீங்க சின்ன வயசுல வெளாண்ட ஒரே ஒரு கேம். அதுல இருந்து தொடங்கணும். நீங்க என்ன வெளாண்டீங்க?"

"நான் பெரிசா வெளயாடல்ல. நான் ஊதினேன்."

சுமன் கையை மேலே தூக்கிவிட்டான். "ஐயோ, அந்தப் பேச்ச இங்க எடுக்காதீங்க! ஊதுனா எச்சில் பட்டு பின்னு எல்லாம் துருப்புடிச்சிரும். எங்க குரூப்புல ஊதுறவங்கள கண்டா வெளிய தூக்கிப் போட்ருவோம். ஸ்பிரிட்ல பஞ்சக் குச்சிய நனைச்சுத் தொடைக்கணும். சாமி செலையத் தொடைக்கிற மாதிரி."

அவள் நானாவைப் பற்றிச் சொன்னாள். அவன் சிரிப்பை நிறுத்தினான். உள்ளே போய், மஞ்சள் ஏறிய ஒரு மெஷினைக் கொண்டுவந்தான். வாப்பா வாங்கி வந்த அதே உருவம். அடாப்டர், டீவிக்குக் கம்பி, கூடவே ஒரு தாங்கிக் கெசட். சின்ன யுத்தத் தாங்கிகள் சுட்டுச் சுட்டுச் செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுமே, அது. ருஷ்தா அந்த மஞ்சள் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "வச்சுப் பாருங்க அக்கா. சரிவந்தா ஒங்களுக்கு," என்றான்.

சனிக்கிழமை காலையில் மெஷினை டீவியோடு பொருத்தினாள். உம்மா கதவோரம் வந்து நின்றார். கெசட்டைச் சொருகி பொத்தானை அழுத்தினாள். சங்கீதம் வந்தது, செங்கல் சுவர் வந்தது, தாங்கிகள் வந்தன. ஒரு கீறல் இல்லை. சுமன் அவ்வளவு சுத்தமாய்த் துடைத்து வைத்திருந்தான்.

அஸ்ஃபர் ஒரு தடவை பார்த்தான். பிறகு சுவர்.

"நானா, இங்க பாருங்க. தாங்கி. நம்மட தாங்கி." அவன் முகத்தைத் தன் கையால் திருப்பினாள். கண் திரையைத் தாண்டி எங்கோ போயிற்று. அவளே கைப்பிடியைப் பிடித்து ஓட்டினாள். ஓட்டிப் பழக்கமில்லை, உடனே செத்தாள். மறுபடி ஓட்டினாள், செத்தாள். "நானா! நானா!" குரல் உயர்ந்துகொண்டே போனது தனக்கே கேட்கவில்லை.

அஸீமா வந்து டீவியின் வயரைப் பிடுங்கினாள். "போதும் மைனி. அவர உடுங்க." வயரைக் கீழே போட்டாள். "டொக்டர் சென்னது சரி. அது சும்மா ஒரு சத்தம். நீங்க ஒவ்வொன்னையும் கொண்டு வரக்குள்ள நானும் நம்புறன். ஒவ்வொரு முறையும். என்ட நெஞ்சு என்ன இரும்பா?"

உம்மா திரும்பிப் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அடுத்த கிளினிக் நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் ருஷ்தா ஒரு கிழவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டிவிட்டாள். முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஏரிக்கரை மதிலில் சாய்ந்து நின்றாள். தான் பைத்தியம் என்றே இருக்கட்டும் என்று நினைத்தாள். டொக்டர் படித்தவர், அஸீமா பக்கத்தில் படுப்பவள், உம்மா பெற்றவர்; அவர்களுக்குத் தெரியாதது ஊதிக் கொடுத்த தனக்கு எப்படித் தெரியும்? தண்ணீரில் ஒரு கபரகொய்யா உடும்பு தலையை நீட்டிப் போனது. ஊதிக் கொடுத்தவள். அவள் நிமிர்ந்தாள். படம் நல்லபடியாய் வந்தால் ஊதுவதற்கு என்ன இருக்கிறது? அன்றைக்குக்கூட நல்லபடியாய் வந்த நாட்களில் நானா தன் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டானே. படம் வராதபோதுதான் அவனுக்குத் தங்கச்சி வேண்டும்.

மணிக்கூட்டுக் கோபுரம் வரை ஓட்டமும் நடையுமாய்ப் போனாள்.

"சுமன், வேல செய்யாத கெசட் ஈக்கா?"

அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான். "அக்கா, இந்த இலங்கையில இப்படிக் கேட்ட மொதல் ஆள் நீங்கதான். என்னத்துக்கு?"

"நல்லாப் பழுதானது. எப்ப போட்டாலும் வரக் கூடாது."

"என்கிட்ட உள்ளதுலயே கேவலமானது ஒன்னு இருக்கு. பன்வில பக்கம் வெள்ளத்துல போய் வந்தது. எத்தன தரம் தொடச்சாலும் கட்டம் கட்டமாத்தான் காட்டும்." பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தான். கொடுக்கும்போது சற்று நிறுத்தினான். "ஊதப் போறீங்க, இல்ல?"

"ஓ, ஊதத்தான்."

"ஊதுங்க," என்றான். "நான் குரூப்புல சொல்ல மாட்டேன்."

அன்று மத்தியானம் அஸீமா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ருஷ்தா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அஸ்ஃபரைத் தூக்கி, கால்கள் தரையில் படும்படி கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். ஸ்டூலில் மெஷினை வைத்தாள். வெள்ளத்தில் போய் வந்த கெசட்டைச் சொருகி பொத்தானை அழுத்தினாள்.

திரை முழுக்கச் சாம்பல் கட்டங்கள். உடைந்த எழுத்துகள். ஒரு நீண்ட இரைச்சல்.

அஸ்ஃபரின் தலை திரும்பியது.

அவன் புருவம் சுருங்கியது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு மனிதனுடைய எரிச்சல் தெரிந்தது. இடது கை மெல்ல நீண்டது. மெஷினைத் தடவி, கெசட்டைப் பிடித்து, ஒரு இழுப்பில் கழற்றியது. தொடையில் ரெண்டு தட்டு. பிறகு கெசட்டை நீட்டினான்.

"ஊது."

ருஷ்தா பக்கத்தில் நின்றாள். ஆனால் அவன் நீட்டியது அவளிடம் அல்ல. கட்டில் மட்டத்தில், தன் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத வெறும் காற்றில் கெசட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நானா, நான் இங்க."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை ஆட்டினான். "ஊது!"

பிறகு அவளுக்கு விளங்கியது. சின்ன வயதில் தரையில் உட்கார்ந்து ஊதும்போது, அந்த உயரத்தில்தான் அவளுடைய வாய் இருந்தது. அவன் தேடுவது, வேலை விட்டு வந்து கால் பிடித்துவிடும் இந்த நீண்ட பெண்ணை அல்ல. பல் விழுந்த ஒரு சின்னப் பிள்ளையை. உள்ளே இருக்கிறான், ஆனால் எவ்வளவு தூரத்தில்!

முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தாள். முதுகைக் கூனி, முகத்தை அவன் கைக்குக் கீழே கொண்டுபோனாள். ஊதினாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு.

அவன் சொருகினான். கட்டங்கள். கழற்றினான். தட்டினான். நீட்டினான்.

"நல்லா ஊது, புள்ள."

குசினியில் எதுவோ விழுந்தது. உம்மா தஸ்பீஹோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிசைந்த சோற்றுக் கையோடு அஸீமா அறைக்குள் வந்துவிட்டாள். ருஷ்தா ஊதிக்கொண்டே இருந்தாள்; கண்ணீர் வெட்டுக்குள் விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து ஊதினாள். அஸ்ஃபர் திரும்பி அஸீமாவைப் பார்த்தான். வெறுமையாய் அல்ல, உண்மையாகவே பார்த்தான். தலை முதல் கால் வரை.

"இது யாரு?" என்றான் தங்கச்சியிடம்.

"மகன், அது ஒங்கட..." என்று உம்மா ஆரம்பித்தார். அஸீமா சோற்றுக் கையைத் தூக்கி அவரைத் தடுத்தாள். அவளுடைய முகத்தில் அந்த நொடி நடந்ததை ருஷ்தா பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு வீடு சாய்வதைப் போல இருந்தது அது. சாய்ந்து, பிறகு எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.

அஸீமா கையை உடுப்பில் துடைத்தாள். வந்து, ருஷ்தாவுக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நான் பக்கத்து ஊட்டுப் புள்ள," என்றாள். "எனக்கும் ஒருக்கா ஊதத் தாறீங்களா?"

அஸ்ஃபர் தொடையில் ரெண்டு தட்டுத் தட்டினான். பிறகு கெசட்டை அவள் வாயருகே கொண்டுபோனான். ஆனால் பிடியை விடவில்லை.